வீட்டிலேயே கியர்பாக்ஸ் ஆயில் கூலர் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோமேட்டிக் காருக்குத் தனியாக ஓர் ஆயில் கூலர் (கியர்பாக்ஸ் ஆயிலைக் காற்றில் ஆற்றும் சிறிய ரேடியேட்டர்) வாங்கி வீட்டு வாசலிலேயே பொருத்திக்கொள்ள விரும்பும் மதுரைக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மெக்கானிக் அல்லன். என்னுடைய ஏழு இருக்கை டீசல் காரில் இந்த வேலையை இரண்டு முறை செய்தவன். இரண்டாவது முறை செய்ய நேர்ந்ததற்குக் காரணம் முதல் முறை செய்த தவறு. அது ஹோஸ் (ஆயில் ஓடும் ரப்பர் குழாய்) பற்றிய பதிலில் வருகிறது.

கியர்பாக்ஸ் ஏன் சூடாகிறது?

டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது ஆயில்தான். எஞ்சின் பக்கத்து விசிறி ஆயிலைத் தள்ள, அந்த ஆயில் கியர்பாக்ஸ் பக்கத்து விசிறியைச் சுழற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாத வரையில், இடையில் வீணாகும் சக்தி வெப்பமாக மாறி ஆயிலில் சேர்ந்துகொண்டே இருக்கும். திருச்சி நான்குவழிச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது லாக்-அப் கிளட்ச் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடுவதால் வெப்பம் குறைவு. கோரிப்பாளையம் சிக்னலில் ஊர்ந்து நகரும்போதும், ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும்போதும் அந்தப் பூட்டு பெரும்பாலும் திறந்தே கிடக்கும்.

ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் தோராயக் கணக்கு. 120 டிகிரியைத் தாண்டினால் வால்வுகளில் பழுப்புப் படலம் படியத் தொடங்கும். 150-ஐ நெருங்கினால் ரப்பர் சீல்கள் இறுகிப்போகும்.

எந்த ஆட்டோமேட்டிக் காருக்கும் இதைப் பொருத்தலாமா?

இல்லை. பணம் செலவழிக்கும் முன் இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். வேகன் ஆர், ஸ்விஃப்ட், டியாகோ போன்ற கார்களில் வருவது ஏஎம்டி. அது உள்ளுக்குள் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் ஓர் இயந்திரக் கை மாற்றுகிறது. அதில் குளிர்விக்கச் சுற்றிவரும் ஆயிலே கிடையாது. போலோ ஜிடி டிஎஸ்ஐ காரில் வந்த டிஎஸ்ஜி என்னும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக், ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் கொண்டது. அதில் சூடாவது கிளட்ச் தட்டு என்பதால் வெளியே ஆயில் கூலர் வைத்துப் பயனில்லை. ஹோண்டா சிட்டி போன்ற சிவிடி (தனித்தனிக் கியர்களுக்குப் பதில் பெல்ட்டால் ஓடும் ஆட்டோமேட்டிக்) வகைகளில் ஆயில் சுற்றுகிறது, சூடும் ஆகிறது. ஆனால் அந்த ஆயிலின் இனமே வேறு, அழுத்தக் கணக்கும் வேறு. அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்ட கிட் கிடைத்தாலொழிய அதைத் தொட வேண்டாம்.

எஞ்சுவது டார்க் கன்வெர்ட்டர் வகை: இன்னோவா கிரிஸ்டா, எக்ஸ்யூவி 700, கிரெட்டா டீசல் ஆகியவற்றின் 6 கியர் ஆட்டோமேட்டிக் போன்றவை. இவற்றிலும் ஒரு பிரிவு உண்டு. சில கார்களில் கியர்பாக்ஸிலிருந்து இரண்டு குழாய்கள் புறப்பட்டு ரேடியேட்டருக்கோ முன்பக்கக் கூலருக்கோ போகும். வீட்டில் வேலை செய்ய ஏற்றவை இவையே. வேறு சிலவற்றில் உள்ளங்கை அளவு அலுமினியக் கட்டி ஒன்று கியர்பாக்ஸ் மீதே போல்ட் செய்யப்பட்டு, அதற்குள் எஞ்சின் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும். அத்தகைய காரில் இடையே வெட்டிச் சேர்க்கக் குழாயே இல்லை. இணைப்புத் தகடு தனியாகக் கடைந்து செய்ய வேண்டியிருக்கும். அது வீட்டு வேலை அன்று.

என் காருக்கு இது தேவைதானா என்பதை எப்படி அறிவது?

அளந்து பார்க்க வேண்டும். ஓபிடி போர்ட்டில் (காரின் கோளாறுகளைப் படிக்க உதவும் சாக்கெட்டில்) செருகும் சிறிய புளூடூத் கருவியும் கைபேசிச் செயலியும் இருந்தால், பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பத்தை ஓட்டத்திலேயே பார்க்கலாம். முன் இருக்கையில் இருப்பவர் அதைப் பார்த்துச் சொல்லட்டும். சித்திரை மாதப் பகலில் நகருக்குள் ஒரு மணி நேரம், பிறகு முழுச் சுமையுடன் ஒரு மலை ஏற்றம்: சிறுமலையோ போடிமெட்டோ போதும். எண் 100-ஐத் தொடவே இல்லை என்றால் கூலர் வாங்கும் பணத்தில் ஆயிலை மாற்றுங்கள். என்னிடம் கேட்பவர்களில் பலருக்கு நான் தந்த பதில் இதுதான். சிலருக்கு அது பிடிக்கவில்லை.

எண் 110-க்கு மேல் போய் அங்கேயே நின்றால், கூலருக்கு முன் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். ஆயில் மட்டம் குறைவாக இருக்கிறதா, ரேடியேட்டரின் உட்புறம் உப்புப் படிந்து அடைத்திருக்கிறதா, ரேடியேட்டர் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறதா என்பவையே அவை. கூலண்டுக்குப் பதிலாக ஆண்டுக்கணக்கில் போர்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு கூலரை மட்டும் சேர்ப்பது நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுப்பதாகும். இவையெல்லாம் சரியாக இருந்தும் வெப்பம் ஏறுகிறது, கார்த்திகை மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலைக்கு மேலே கேரியரும் உள்ளே ஏழு பேருமாகப் பலமுறை போகிறீர்கள் என்றால், கூலர் உங்களுக்குத் தேவை.

எந்த வகை, எந்த அளவு வாங்க வேண்டும்?

கடையில் மூன்று வகை கிடைக்கும். வளைந்து வளைந்து ஓடும் ஒரே குழாயில் மெல்லிய தகடுகள் கோத்தது முதல் வகை. மலிவு, திறன் குறைவு. தட்டையான அறைகளுக்கு இடையே தகட்டு மடிப்புகள் வைத்தது இரண்டாவது. தட்டுகளை இட்லித் தட்டுபோல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பற்றவைத்தது மூன்றாவது. அடுக்குத் தட்டு வகையில் குளிர்ந்து கெட்டியான ஆயில் குறுக்கு வழியில் சுலபமாகக் கடந்துவிடும், சூடாகி இளகிய ஆயில் எல்லா அறைகளிலும் பரவும். விலை சற்றுக் கூடினாலும் நான் இதையே சொல்வேன்.

பெட்டியின் மேல் இத்தனை பவுண்டு எடையுள்ள வண்டிக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு பவுண்டு 0.45 கிலோ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கூலர் வெளியேற்றும் வெப்பம், ஆயிலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆயில் 95 டிகிரி, வெளிக்காற்று 15 டிகிரி என்றால் வித்தியாசம் 80. மதுரையின் மே மாதத்து 40 டிகிரியில் அது 55-ஆகக் குறைகிறது. அதே கூலர் இங்கே ஏறத்தாழ 70 சதவீத வேலையைத்தான் செய்யும். எனவே உங்கள் காரின் மொத்த எடைக்குச் சொல்லப்பட்டதைவிட ஒரு படி பெரியதை எடுங்கள். இரண்டு படி வேண்டாம். காரணம் ஏசி, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரேடியேட்டருக்குள் இருக்கும் பழைய கூலரைக் கழற்றிவிடலாமா?

வேண்டாம். ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள் இருக்கும் அந்தச் சிறு கூலர், கூலண்டில் மூழ்கியிருப்பதால் தன் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. காலையில் ஆயிலை விரைவில் இளஞ்சூடாக்குவதும் அதுவே. ஆயில் கியர்பாக்ஸிலிருந்து புறப்பட்டு முதலில் ரேடியேட்டருக்கும், அங்கிருந்து புதிய கூலருக்கும் சென்று கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும். வரிசையை மாற்றிப் புதிய கூலரை முன்னால் வைத்தால், அது ஆற்றிய ஆயிலைச் சூடான கூலண்ட் மீண்டும் சூடாக்கி அனுப்பும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. டிப்ஸ்டிக்கிலோ (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியிலோ) கூலண்ட் டப்பாவிலோ ரோஸ் மில்க் நிறத்தில் ஏதேனும் தென்பட்டால், ரேடியேட்டருக்குள் அந்தச் சிறு கூலர் ஓட்டையாகி ஆயிலும் கூலண்டும் கலந்துவிட்டன என்று பொருள். உடனே எஞ்சினை நிறுத்துங்கள். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளில் ஒட்டப்பட்ட உராய்வுப் பட்டைகளைத் தண்ணீர் ஊறவைத்துப் பெயர்த்துவிடும். அந்த நிலையில் கூலர் பொருத்துவது தீர்வாகாது. ரேடியேட்டரை மாற்றி, கியர்பாக்ஸ் ஆயிலைத் திரும்பத் திரும்ப மாற்றிக் கழுவ வேண்டும்.

இரண்டு குழாய்களில் திரும்பும் குழாய் எது?

புதிய கூலரை இணைக்க வேண்டியது ரேடியேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயில். எஞ்சினை ஓடவிட்டு, சூடேறியதும் இரண்டு குழாய்களின் வெப்பத்தையும் அளந்தால் சூடு குறைந்தது திரும்பும் குழாய். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். அகச்சிவப்பு வெப்பமானியைப் பயன்படுத்துங்கள். பளபளக்கும் உலோகத்தின் மேல் அந்தக் கருவி தவறான எண்ணைக் காட்டும். இரண்டு குழாய்களிலும் ஒரே மாதிரிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் குறிவைத்தால் நம்பகமான வித்தியாசம் தெரியும். ஆயில் இன்னும் நன்றாகச் சூடாகாத காலையில் வித்தியாசம் சில டிகிரிகளே இருக்கலாம் என்பதால் ஐந்தாறு முறை அளப்பது நல்லது. சந்தேகம் தீரவில்லையெனில் ஒர்க்ஷாப் மேனுவலில் படம் இருக்கும்.

காரைத் தூக்க என்ன செய்வது?

ஜாக் ஸ்டாண்ட் (தூக்கிய காரைத் தாங்கி நிறுத்தும் இரும்புத் தாங்கி) இரண்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை, கைபிரேக், கியர் பி-யில். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடியில் வைத்துவிட்டு உள்ளே தலையை நுழைக்கும் பழக்கம் நம் தெருக்களில் நிறைய உண்டு. ஹாலோ பிளாக் மெல்ல விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும்.

கூலரை எங்கே, எப்படிப் பொருத்துவது?

பம்பரையும் கிரில்லையும் கழற்றினால் முதலில் தெரிவது ஏசி கண்டென்சர், அதாவது ஏசி வாயுவை ஆற்றும் ரேடியேட்டர் போன்ற பாகம். அதற்கு முன்னால், ஒரு பக்க ஓரமாகக் கூலர் உட்கார வேண்டும். பெரும்பாலான பம்பர்களுக்குப் பத்து நம்பர் ஸ்பானரும் பிளாஸ்டிக் கிளிப் எடுக்கும் நெம்புகோலும் போதும். பனிவிளக்கின் ஒயர் சாக்கெட்டைப் பிரித்த பிறகே பம்பரை இழுக்க வேண்டும்.

கிட்டுடன் பிளாஸ்டிக் ஊசிக் கம்பிகள் சில வரும். அவற்றைக் கண்டென்சரின் தகடுகளுக்கு ஊடே குத்திக் கூலரைத் தொங்கவிடச் சொல்வார்கள். வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் நம் ஊர்ச் சாலை அதிர்வில் அந்தக் கம்பி கண்டென்சரின் குழாயை மெல்ல மெல்ல அறுக்கும், ஒருநாள் ஏசி வாயு முழுவதும் போய்விடும். அதற்குப் பதிலாக 25 மி.மீ. அகல அலுமினியப் பட்டை இரண்டை வாங்கி, ரேடியேட்டரின் மேல், கீழ் சட்டங்களில் ஏற்கனவே இருக்கும் போல்ட்களுக்கு ஏற்பத் துளையிட்டுக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் கொடுத்தால் வளைத்தும் தருவார்கள். கூலருக்கும் கண்டென்சருக்கும் நடுவே ஒரு விரல் கனத்துக்கு, அதாவது 12 முதல் 20 மி.மீ. வரை இடைவெளி இருக்கட்டும். ஆயில் வாய்கள் மேல் நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கலாம்; கீழ் நோக்கி இருந்தால் மேலே காற்று சிறைப்பட்டுக் கூலரின் ஒரு பகுதி வேலை செய்யாமல் போகும்.

ஹோஸ் இணைப்பில் கவனிக்க வேண்டியவை எவை?

வேலையின் சாரமே இதுதான். கூலர் தானாகக் கெடுவது அரிது. ஒழுகுவது எப்போதும் ஹோஸின் முனையில்தான்.

முதல் முறை நான் செய்தது என்னவென்றால், கிட்டில் வந்த ஹோஸ் நீளம் போதாமல், உதிரிபாகக் கடையில் பெட்ரோல் ஹோஸ் ஒன்றரை மீட்டர் வாங்கினேன். "ரெண்டும் ஒண்ணுதாண்ணே, உள் அளவு சரியா இருந்தாப் போதும்" என்று கொடுத்தார்கள். எனக்கும் அது போதுமென்று தோன்றியது. காரின் இரும்புக் குழாயை வெட்டி, வெட்டிய வழவழப்பான முனையிலேயே ஹோஸைச் செருகிக் கிளிப் போட்டேன். நான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கொடைக்கானல் போகும் வழியில் டம் டம் பாறையில் வேடிக்கை பார்க்க நிறுத்தியபோது, பம்பருக்கு அடியில் தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. குனிந்து பார்க்கும்போதே இரண்டாவது சொட்டு விழுந்தது. ஹோஸ் சூட்டில் ஊறி, அழுத்தினால் வெந்த கத்தரிக்காய்போல அமுங்கியது. கிளிப்போடு சேர்ந்து அரை விரல் அளவு குழாயிலிருந்து கீழே நழுவியிருந்தது. இன்னும் இரண்டு வளைவு ஏறியிருந்தால் முழுவதும் கழன்றிருக்கும். பம்ப் ஆயிலைத் தொடர்ந்து வெளியே தள்ளும். கழன்ற குழாய் வழியே கியர்பாக்ஸ் காலியாகச் சில நிமிடங்கள் போதும், சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. காரை வண்டியில் ஏற்றித்தான் கீழே கொண்டுவந்தேன்.

ஆகவே இரண்டு விதிகள். ஒன்று, ஹோஸின் உடம்பில் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலருக்கானது என்று அச்சிட்டிருக்க வேண்டும். எஸ்ஏஇ ஜே1532 என்ற தர எண் இருந்தால் நல்லது. இரண்டு, இரும்புக் குழாயின் முனையில் ஹோஸைப் பிடித்து நிறுத்த உருண்டையான ஒரு புடைப்பு இருக்க வேண்டும். பிரேக் குழாயின் முனையை விரிக்கும் பிளேரிங் கருவியின் முதல் கட்டத்தில் கிடைக்கும் குமிழ் வடிவமே போதும். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கொடுத்தால் புனல்போல விரித்துத் தருவார். அந்தக் கூர்விளிம்பு ஹோஸின் உட்புறத்தைச் சீவிவிடும், அது வேண்டாம். புடைப்பைத் தாண்டி ஹோஸ் 25 மி.மீ. உள்ளே போக வேண்டும், கிளிப் புடைப்புக்குப் பின்னால் உட்கார வேண்டும். கிளிப்பின் பற்கள் ரப்பரைக் கிழிக்கும் அளவுக்கு முறுக்குவதால் பலம் கூடாது; ரப்பர் கிளிப்பின் விளிம்பில் லேசாகப் பிதுங்கும்போது நிறுத்துங்கள்.

இவற்றையும்விட நல்ல வழி, குழாயையே வெட்டாமல் இருப்பது. பல கார்களில் ரேடியேட்டரின் கீழ் ஆயில் வாயிலிருந்து திரும்பும் குழாய்க்குப் போகும் சிறு ரப்பர் ஹோஸ் ஒன்று தொழிற்சாலையிலேயே இருக்கும். அதைக் கழற்றி அந்த இடத்தில் இணைத்தால், இரு முனைகளிலும் புடைப்பு ஏற்கனவே இருக்கும். இரண்டாவது முறை நான் அப்படித்தான் செய்தேன். வெட்டிய குழாய்க்கும் புதிது வாங்கிப் போட்டேன்.

ஹோஸ் போகும் வழியில் விசிறி, பெல்ட், சைலன்சர் எதுவும் உரசக் கூடாது. தகட்டு விளிம்பைக் கடக்கும் இடத்தில் பழைய ஹோஸ் துண்டைப் பிளந்து உறையாகப் போடுங்கள்.

எவ்வளவு ஆயில் கூடுதலாகத் தேவைப்படும்?

10 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸ் மீட்டருக்குச் சுமார் 80 மி.லி. பிடிக்கும். நடுத்தரக் கூலர் 200 முதல் 400 மி.லி. வரை. வேலையின்போது சிந்துவதையும் சேர்த்து ஒரு லிட்டர் டப்பா கையில் இருந்தால் போதும். எந்த ஆயில் என்பதில் சமரசம் கூடாது: டொயோட்டாவின் டபிள்யூஎஸ், ஹூண்டாயின் எஸ்பி-4 போன்றவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. மேனுவலில் சொன்னது மட்டுமே.

டிப்ஸ்டிக் உள்ள காரில் மட்டம் பார்ப்பது எளிது. இன்றைய கார்களில் பலவற்றுக்கு டிப்ஸ்டிக் இல்லை. ஆயில் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போது எஞ்சின் ஓட, அடியில் உள்ள மட்டத் துளையின் அடைப்பைத் திறந்து, மெல்லிய இழையாக வழிந்து சொட்டாகும்போது மூட வேண்டும். அந்த வெப்ப எல்லையும் மேனுவலில் இருக்கும். கார் நான்கு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் கணக்குத் தப்பும். இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் லிஃப்ட் உள்ள ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒர்க்ஷாப்புக்குப் போகும் அந்தத் தூரத்துக்கும் ஆயில் தேவை என்பதால், சிந்தியதை அளந்து அதே அளவும் கூலரின் கொள்ளளவும் ஊற்றிய பின்னரே காரை நகர்த்துங்கள்.

ஏசி குளிர்ச்சி குறையுமா?

சிறிது குறையலாம். கூலரைத் தாண்டி வரும் காற்று சூடாகக் கண்டென்சரில் படுகிறது. கண்டென்சரின் கால் பங்குக்குமேல் மறைக்காத அளவாகவும், ஓரமாகவும் வைத்தால் பெரிதாகத் தெரியாது. பெரிய கூலரை நடுவில் வைத்தவர்கள் மே மாதத்தில் என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

வாரண்டி என்ன ஆகும்?

கியர்பாக்ஸ் தொடர்பான வாரண்டியை மறுக்க நிறுவனத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். வாரண்டி முடியும் வரை பொறுத்திருங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

முதல் ஓட்டத்தில் என்ன பார்க்க வேண்டும்?

எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராக ஓரிரு நொடிகள் வைத்து மீண்டும் பி-க்குக் கொண்டுவாருங்கள். எல்லா இணைப்புகளையும் பனியன் வேஸ்ட்டால் உலரத் துடைத்து, அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து, பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு ரிங் ரோட்டில் ஒரு சுற்று, மறுபடி காகிதம். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் கிளிப்புகளை ஒருமுறை சரிபாருங்கள். சூடாகி ஆறியதும் ரப்பர் சற்று அமர்ந்து கிளிப் தளர்ந்திருக்கும். முதல் மலைப் பயணம் இதற்குப் பிறகே.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். அது கடைசியில் வைகைக்குத்தான் போகும். டப்பாவில் மூடி, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள்.

பிறகு பராமரிப்பு என்ன?

அறுவடைக் காலத்தில் உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் போனால் கொள்ளும் உளுந்தும் செடியோடு சாலையில் பரப்பியிருப்பார்கள். வண்டிச் சக்கரமே அவர்களுக்குப் போரடிக்கும் மாடு. அந்தச் சருகும் பொடியும் முதலில் போய் அடைவது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் உங்கள் கூலரில்தான். வீடு திரும்பியதும் கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பின் பின்புறத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வாட்டர் சர்வீஸில் விட்டால் பம்ப் அழுத்தத்தில் தகடுகள் மடங்கி, காற்றே போகாதபடி ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் மட்டும் அவர்கள் கைவைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.